காலைத் தண்ணீரும் நாம் சொன்ன ஹதீஸும்

 



இம்மாதம் நாம் எழுத எண்ணியிருந்தது வேறொரு பொருள். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, காலையில் எழுந்தவுடன் தண்ணீர் குடிப்பதைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கிறோம். இதில் மார்க்கம் பேச என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். சில மாதங்களுக்கு முன்பு வரை நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

மயிலாப்பூரில் நாம் இமாமத் செய்யும் பள்ளியில் ஸுபுஹுத் தொழுகைக்குப் பின் ஐந்து நிமிடம் பயான் செய்வது வழக்கம். தொழுது முடித்ததும் சிலர் நேரே வீட்டுக்குப் போவார்கள். சிலர் லஸ் பக்கமுள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு நடக்கப் போவார்கள். பொழுது விடியும் வேளையில் அந்தப் பூங்காவின் வெளியே அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் விற்பதை அப்பகுதியார் அறிவார்கள். சாற்றோடு சேர்த்து வைத்தியப் பேச்சும் அங்கே தாராளமாகக் கிடைக்கும். அப்படி நடக்கப் போகும் சகோதரர் ஒருவர் ஒருநாள் ஒரு தாளைக் கொண்டு வந்து நம்மிடம் கொடுத்தார். அதன் தலைப்பு 'ஜப்பானியத் தண்ணீர் வைத்தியம்'.

அந்தத் தாளை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். முன்பு அச்சடித்துக் கொடுத்தார்கள். இப்போது கைபேசியில் அனுப்புகிறார்கள். படுக்கையை விட்டு எழுந்தவுடன், பல் துலக்குவதற்கு முன்பே, 160 மில்லி கொள்ளும் டம்ளரில் நான்கு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். பின்னர் 45 நிமிடங்களுக்கு எதுவும் உட்கொள்ளக் கூடாது. இவ்விதம் செய்துவந்தால் மலச்சிக்கல் 10 நாளிலும், இரத்த அழுத்தமும் நீரிழிவும் 30 நாளிலும், காசநோய் 90 நாளிலும், புற்றுநோய் 180 நாளிலும் குணமாகும் என்று அதில் கண்டிருந்தது. நமக்குக் கிடைத்த தாளில் இன்னொரு பகுதியும் இருந்தது. ஜப்பானியர் இப்போது கண்டுபிடித்த இதனை நாயகம் (ஸல்) அவர்கள் 1400 ஆண்டுகளுக்கு முன்பே அருளிவிட்டார்கள் என்று எழுதி, அதன் கீழே ஒரு ஹதீஸும் போட்டிருந்தார்கள். எந்தக் கிதாபு என்று இல்லை. அறிவித்த ஸஹாபி யார் என்றும் இல்லை.

அதைப் படித்தபோது நம் உள்ளம் பூரித்தது என்பதை மறைப்பானேன்? மறுநாள் ஸுபுஹுக்குப் பின் அதையே பயானாகச் சொல்லிவிட்டோம். ஜமாஅத்தார் "ஸுப்ஹானல்லாஹ்" என்றார்கள்.

அன்று முன் ஸஃப்பில் அமர்ந்திருந்தவர்களில் ஒரு பெரியவர், எழுபது வயதைக் கடந்தவர். இதயம் பலவீனமடைந்து, சிறுநீரகமும் பழுதுபட்டவர். நாள் ஒன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீராகாரம் எதுவும் சேரக் கூடாது என்று அவருக்கு வைத்தியர் அளவு குறித்திருந்தார். இது நமக்குத் தெரியாது. தெரியாது என்பதைச் சமாதானமாகவும் நாம் சொல்லவில்லை. ஒரு பள்ளியின் இமாமுக்குத் தம் ஜமாஅத்தில் யாருக்கு என்ன நோய் என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெரியவர் என்ன நினைத்தார்? டாக்டர் சொல்வது மனிதர் சொல். நாயகம் அவர்களின் சொல் அதற்கு மேல். இந்த எண்ணத்தில் மறுநாள் தொடங்கி வீட்டாருக்குத் தெரியாமல் நாள்தோறும் நான்கு டம்ளர். கணக்குப் பாருங்கள், சகோதரர்களே! நான்கு டம்ளர் என்றால் 640 மில்லி. மிச்சமிருப்பது 360 மில்லி. அதற்குள் காலைத் தேநீர், கஞ்சி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அடங்குமா? ஒன்பதாம் நாள் கால்கள் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தே இரவைக் கழித்தவரை விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்ததாகச் சொன்னார்கள். அல்லாஹ் காப்பாற்றினான்.

நான்கு நாள் கழித்து அந்த வீட்டு மருமகள் நமக்குத் தொலைபேசியில் பேசினார். சண்டைக்கு வந்திருந்தால்கூட நமக்கு இலேசாக இருந்திருக்கும். "ஹஜ்ரத், மாமா ஆஸ்பத்திரியிலயும் அந்தத் தண்ணியக் கேக்குறாங்க. குடுக்கலேன்னா சுன்னத்தைத் தடுக்கிறியான்னு கோவப்படுறாங்க. அந்த ஹதீஸு எந்தக் கிதாபுல இருக்குன்னு சொன்னீங்கன்னா டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்" என்றார்.

நம்மிடம் பதில் இல்லை. "தேடிச் சொல்றேன்ம்மா" என்று மட்டும் சொன்னோம்.

அன்று இஷாவுக்குப் பின் கிதாபுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மதரஸாவில் ஓதிய காலத்தில்கூட அவ்வளவு அச்சத்தோடு ஏடு புரட்டியதில்லை. தம் பெயரால் வேண்டுமென்றே பொய் சொல்பவன் தன் இருப்பிடத்தை நரகில் தேடிக்கொள்ளட்டும் என்ற கருத்தில் நாயகம் அவர்கள் விடுத்த எச்சரிக்கை, ஏராளமான ஸஹாபாக்கள் வழியாக வந்து 'முதவாதிர்' என்னும் தரத்தை அடைந்தது. கேள்விப்பட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற எச்சரிக்கை முஸ்லிம் கிரந்தத்தின் முகவுரையிலேயே இருக்கிறது. இவற்றை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்தவரும் நாமே!

தேடிக் கண்டது என்ன? காலையில் வெறும் வயிற்றில் தண்ணீர் குடித்தால் நோய்கள் தீரும் என்ற அந்த ஹதீஸ் எந்தக் கிதாபிலும் நமக்குக் கிட்டவில்லை. வேடிக்கை என்னவென்றால், கிடைத்ததெல்லாம் அதற்கு நேர்மாறாக இருந்தது. வெறும் வயிற்றில் தண்ணீர் குடிப்பவனின் பலம் குறையும் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு இமாம் தப்ரானீ அவர்களின் தொகுப்பில் உண்டு. அதன் ஸனது பலவீனமானது. வெறும் வயிற்றில் தண்ணீர் குடித்தால் கொழுப்பு உறையும் என்று இன்னொன்று. அதை இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்துவிட்டார்கள். வெறும் வயிற்றில் அதிகமாகத் தண்ணீர் குடிப்பது உடலைத் தளர்த்தும் நான்கு காரியங்களில் ஒன்று என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் கூறியதாக ஹாஃபிள் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் 'ஸாதுல் மஆத்' கிதாபில் எழுதுகிறார்கள். அது ஓர் இமாம் தம் காலத்து வைத்திய அறிவின்படி சொன்னது, ஹதீஸ் அன்று. அதிலும் 'அதிகமாக' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே, காலையில் தண்ணீர் குடி என்று ஏவும் ஸஹீஹான ஹதீஸையும் நாம் காணவில்லை. குடிக்காதே என்று தடுக்கும் ஸஹீஹான ஹதீஸையும் காணவில்லை. அது முபாஹான காரியம். விரும்பியவர் குடிக்கலாம், விரும்பாதவர் விடலாம். பேரீச்ச மரத்து மகரந்தச் சேர்க்கை விஷயத்தில் நாயகம் அவர்கள் மதீனாவாசிகளிடம், உங்கள் உலகக் காரியத்தை நீங்களே நன்கறிந்தவர்கள் என்ற கருத்தில் சொல்லி, அனுபவம் உள்ளவர்களிடமே அதை விட்டுவிட்ட வரலாறு முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கிறது. டம்ளர் கணக்கும் அவ்வகைப்பட்டதே.

இதைக் கேட்டதும், மார்க்கம் காலைத் தண்ணீரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையா என்று மனம் சோர்ந்துவிட வேண்டாம். ஆதாரமில்லாத ஒன்றைத் தேடப் போன இடத்தில், ஆதாரமுள்ளவை கொட்டிக் கிடப்பதைக் கண்டோம். அவற்றை நாம் எவ்வளவு அலட்சியமாக விட்டு வைத்திருக்கிறோம் என்பதையும் கண்டோம்.

முதலாவதாக, தூங்கி எழுந்தவர் கையை மூன்று முறை கழுவாமல் பாத்திரத்திற்குள் விடக் கூடாது. இரவில் கை எங்கே கிடந்தது என்பதை அவர் அறியமாட்டார் என்பது நாயகம் அவர்கள் காட்டிய ஒழுங்கு. இது முஸ்லிம் கிரந்தத்தில் வந்திருக்கிறது. நம் வீடுகளில் எழுந்ததும் எழாததுமாக டம்ளரைக் குடத்துக்குள் முக்கி எடுக்கிறோமே, விரல்கள் நான்கும் தண்ணீருக்குள் போய் வருகின்றனவே, அந்தக் குடத்துத் தண்ணீரைத்தானே குழந்தைகளும் குடிக்கின்றன? இரண்டாவதாக, அவர்கள் எழுந்தவுடன் மிஸ்வாக்கால் பல் துலக்குவார்கள். அந்தத் தாளோ, பல் துலக்குவதற்கு முன்பே குடி என்கிறது. நபிவழி என்று பெயர் சூட்டியவர்கள் இதைக்கூடப் பார்க்கவில்லை. பயான் செய்த நாமும் பார்க்கவில்லை!

இரவில் வைத்த தண்ணீரைப் பற்றிக் கேட்கிறீர்களா? புகாரியில் ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அழகான ஒரு சம்பவம் உண்டு. வெயில் நேரத்தில் நாயகம் அவர்கள் தோழர் ஒருவருடன் ஓர் அன்ஸாரியின் தோட்டத்துக்குச் செல்கிறார்கள். அவர் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார். தோல் பையில் இரவு தங்கிய தண்ணீர் இருக்கிறதா என்று நாயகம் அவர்கள் விசாரிக்கிறார்கள். அவர் தம் குடிசைக்கு அழைத்துப் போய், அந்தத் தண்ணீரை ஊற்றி, அதில் ஆட்டுப்பால் கறந்து கொடுக்கிறார். இரவு முழுதும் தங்கித் தெளிந்து குளிர்ந்த தண்ணீரை நாயகம் அவர்கள் விரும்பினார்கள் என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்கிறோம். ஆனால் இரவு வைக்கும் தண்ணீருக்கு அவர்கள் ஒரு நிபந்தனையும் போட்டார்கள். பாத்திரத்தை மூடி வையுங்கள், தோல் பையின் வாயைக் கட்டுங்கள், மூடுவதற்கு ஒன்றும் இல்லையேல் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு குச்சியையாவது குறுக்கே வையுங்கள் என்று ஏவினார்கள். வருடத்தில் ஓர் இரவு நோய் இறங்குகிறது, திறந்து கிடக்கும் பாத்திரத்தில் அது புகுந்துவிடுகிறது என்று காரணமும் சொன்னார்கள். இது முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. சென்னையில் டெங்குக் கொசு வளர்வதே மூடாத குடங்களிலும் தொட்டிகளிலும்தான் என்று மாநகராட்சியார் வீடு வீடாக வந்து சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது முகம் சுளிக்கிறோம்!

செம்புப் பாத்திரத்தில் தண்ணீரை இரவில் வைத்துக் காலையில் குடிப்பது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். பேதியை உண்டாக்கும் கிருமிகளைச் செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்துச் சோதித்து, அவை அழிந்ததாகப் பெங்களூர் ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். நல்லதே. எனினும் அதையும் ஹதீஸாக்கிவிட வேண்டாம். எலுமிச்சைச் சாறு, மோர் போன்ற புளிப்பானவற்றைச் செம்பில் வைக்கவும் வேண்டாம்.

அருந்தும் முறை என்ன? பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், உட்கார்ந்து, பாத்திரத்துக்குள் மூச்சு விடாமல், மூன்று முறையாக நிறுத்தி அருந்தி, அல்ஹம்து லில்லாஹ் சொல்வது. மூன்று மூச்சில் குடிப்பது தாகத்தை நன்கு தீர்க்கும், உடலுக்கு இதமானது என்று நாயகம் அவர்களே காரணம் காட்டியதாக ஹஜ்ரத் அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். நான்கு டம்ளரை மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று இறக்குவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வெறும் வயிற்றுத் தண்ணீர் நபிவழியில் இல்லவே இல்லை என்றும் நாம் சொல்லிவிட முடியாது. இருக்கிறது, ஆனால் வேளை வேறு. மஃரிப் தொழுவதற்கு முன் கனிந்த பேரீத்தம் பழத்தால் நோன்பு திறப்பார்கள். அது இல்லையேல் உலர்ந்த பேரீச்சம் பழத்தால். அதுவும் இல்லையேல் சில மிடறு தண்ணீரால். சில மிடறு! பகலெல்லாம் பசித்துத் தாகித்த வயிற்றுக்கே அவ்வளவுதான். விடியற்காலைத் தண்ணீர் வேண்டுமென்றாலோ ஸஹர் இருக்கிறது. ஒரு மிடறு தண்ணீரைக் கொண்டாயினும் ஸஹர் செய்யுங்கள், விட்டுவிடாதீர்கள் என்ற கருத்தில் முஸ்னது அஹ்மதில் வந்திருக்கிறது. திங்களும் வியாழனும் நோன்பு வைக்கும் பெரியவர்கள் நம் மஹல்லாவில் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். ஜப்பானின் பெயரைச் சொன்னால் நாற்பது பேர் டம்ளர் எடுக்கிறோம்.

இனி வைத்தியர்கள் சொல்வதைப் பார்ப்போம். நாம் வைத்தியர் அல்லர். ஆனால் ஒருமுறை சூடு கண்ட பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். இரவு ஏழெட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் உறங்குகிறோம். அந்நேரத்திலும் மூச்சுக்காற்று வழியாகவும் வியர்வை வழியாகவும் நீர் போய்க்கொண்டே இருக்கிறது. சென்னையின் மே மாத இரவைச் சொல்லவே வேண்டாம். உடல் சிக்கனமாக நீரைப் பிடித்து வைப்பதால்தான் காலையில் முதலில் கழியும் சிறுநீர் அடர்ந்த நிறத்தில் இருக்கிறது. எழுந்ததும் ஒன்றிரண்டு டம்ளர் குடித்தால் அந்த இழப்பு ஈடாகும். காலி வயிற்றில் நீர் இறங்கும்போது குடல் அசைந்து கொடுப்பதால் பலருக்கு மலம் எளிதாகக் கழியும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு நிறையத் தண்ணீர் குடிப்பது மருந்துக்கு ஒப்பானது. இத்தாலி நாட்டு வைத்தியர்கள் கல் நோயாளிகளை 5 ஆண்டுகள் கவனித்து 1996இல் வெளியிட்ட கணக்கில், நிறையக் குடித்தவர்களில் 100க்கு 12 பேருக்கும், மற்றவர்களில் 100க்கு 27 பேருக்கும் கல் திரும்பி வந்தது. ஆனால் அது நாள் முழுதும் பரவலாகக் குடிப்பதால் வரும் பலன். காலை வேளைக்கென்று தனி மகிமை எதுவும் அதில் இல்லை.

நாளுக்கு எட்டு டம்ளர் எல்லோரும் குடித்தே தீரவேண்டும் என்ற பேச்சுக்கு ஆதாரம் தேடிய அமெரிக்கச் சிறுநீரகப் பேராசிரியர் ஹைன்ஸ் வால்டின் என்பவர், அப்படியொரு ஆதாரத்தைத் தம்மால் காண முடியவில்லை என்று 2002இல் எழுதினார். அவர்களும் ஸனது தேடுகிறார்கள், பாருங்கள்!

உடலின் நச்சைத் தண்ணீர் கழுவிவிடும் என்பதும் அந்தத் தாளின் வாதம். கழுவுகிற வேலையைச் சிறுநீரகங்கள் நாம் உறங்கும்போதும் செய்கின்றன. ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டரை வடிகட்டி, அதில் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. அந்த நாயனின் குத்ரத்தை என்னென்பது! இவ்வளவு நுட்பமான வேலைக்கும் ஓர் எல்லை உண்டு. நல்ல சிறுநீரகமே மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேல் நீரை வெளியேற்றுவது கடினம். அதற்கு மேல் ஊற்றினால் இரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப் போய் மூளை வீங்கும். 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில் ஒரு வானொலி நிலையம் நடத்திய தண்ணீர் குடிக்கும் போட்டியில் கலந்துகொண்ட ஓர் இளம் தாய் இவ்விதமே உயிரிழந்தார். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் இந்த எல்லை மிகமிகச் சுருங்கிவிடும். திருமறையில் அல்லாஹு தஆலா உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே ஆயத்தில் வரம்பு மீறாதீர்கள் என்றும் சேர்த்திருக்கிறான். பருகுவதிலும் இஸ்ராஃப் உண்டு என்பது அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் நின்றபோதுதான் நமக்கு உறைத்தது.

மிகவும் ஆபத்தானது அந்தத் தாளின் நாள் கணக்கு. காசநோய்க்கு 90 நாள் தண்ணீர் என்கிறார்கள். நம் சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளை சானட்டோரியங்களுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கும் என்பதை 1959இல் உலகுக்கு எடுத்துக்காட்டியவர்கள் அவர்களே. மருந்து! ஒரு நாளும் தவறாமல், மாதக்கணக்கில். புற்றுநோய்க்கு 180 நாள் தண்ணீர் என்கிறார்கள். அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் ஏற்பட்ட புற்றுநோய் மருத்துவமனைக்குக் காலையில் போய்ப் பாருங்கள். எங்கெங்கிருந்தோ வந்து சீட்டு வாங்கக் காத்திருக்கும் ஏழைகளிடம், வீட்டுக்குப் போய் நான்கு டம்ளர் குடியுங்கள் என்று சொல்ல யாருக்காவது நா எழுமா? ஒருவர் அந்தத் தாளை நம்பி ஆறு மாதத்தைக் கடத்திவிட்டால், போன ஆறு மாதத்தை யார் திருப்பித் தருவது? அதில் நாயகம் அவர்களின் திருப்பெயரும் சேர்ந்திருந்து, குணமாகாமல் போனால், அந்த நோயாளியின் மனத்தில் ஈமானைப் பற்றி என்ன சந்தேகம் எழும்? எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை இறக்கியிருக்கிறான், வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்று ஏவிய நபியின் பெயராலா வைத்தியத்தை நிறுத்துவது?

காலைத் தண்ணீர் என்றதும் இன்னொன்றும் சொல்லாமல் போக முடியவில்லை. நாம் பயான் செய்த தண்ணீர் டம்ளரில் தானாக வந்து நிற்பதன்று. மயிலாப்பூர்ச் சந்துகளில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் பல வீடுகளில் ஸுபுஹுக்கும் முந்தியது. ஆண்கள் உறங்கும்போது பெண்கள் வாசலில் அடிபம்பை அடித்துக் குடங்களை நிரப்புகிறார்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, லாரி வரும் நேரம் தெரியாமல் இரவெல்லாம் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த தாய்மார்களைத் தி. நகரிலும் கண்டோம். அந்தத் தி. நகரே 1920களில் ஓர் ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர்! உங்கள் தண்ணீர் பூமிக்குள் போய்விட்டால் ஓடும் நீரை யார் கொண்டுவருவார் என்று கேட்கும் தபாரக் ஸூராவின் கடைசி ஆயத்தை அன்றாடம் இரவில் ஓதுகிறவர்கள் நாம். நாயகம் அவர்களுக்கு மதீனாவிலிருந்து இரண்டு நாள் தொலைவிலிருந்த ஸுக்யா என்னும் இடத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவரப்பட்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நமக்கோ கடலூர் மாவட்டத்து வீராணத்திலிருந்து 2004 முதலும், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி 2013 முதலும் வருகிறது. கியாமத்து நாளில் அடியானிடம் முதலாவதாகக் கேட்கப்படும் நிஃமத்துகளில், உன் உடலை ஆரோக்கியமாக்கவில்லையா, குளிர்ந்த நீரால் உன் தாகம் தீர்க்கவில்லையா என்ற இரண்டும் இருக்கும் என்ற கருத்துள்ள ஹதீஸ் திர்மிதியில் உண்டு. ஆரோக்கியத்தையும் தண்ணீரையும் இணைத்துப் பேசும் ஹதீஸ் வேண்டும் என்றால் இதோ, இதுவே! இதை விட்டுவிட்டு நாம் பூங்கா வாசலில் கிடைத்த தாளை ஓதினோம். வீட்டுக்கு வந்ததும் முதல் டம்ளரை நமக்கு நீட்டும் பெண், அந்தக் குடத்துக்காக எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று நாம் ஒருநாளாவது கேட்டதுண்டா?

அடுத்த ஜும்ஆவில் மிம்பரில் ஏறுவதற்கு முன், நாம் முன்னர் சொன்னது ஹதீஸ் அல்ல, தவறாகச் சொல்லிவிட்டோம் என்று ஜமாஅத்தாரிடம் அறிவித்தோம். சொல்லும்போது நா வறண்டது உண்மை. தொழுகைக்குப் பின் சிலர் வந்தார்கள். "நல்ல காரியம்தானே ஹஜ்ரத், எதுக்கு இவ்வளவு பெருசா எடுத்துக்கிறீங்க?" என்றார் ஒருவர். ஓதத் தெரிந்த இன்னொருவர், அமல்களின் சிறப்பைச் சொல்லப் பலவீனமான ஹதீஸையும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலமாக்கள் அனுமதித்திருக்கிறார்களே என்றார். அனுமதித்தவர்கள் மிகப் பலவீனமாக இருக்கக் கூடாது, மார்க்கத்தின் பொது அடிப்படை ஒன்றுக்குள் அடங்க வேண்டும், நாயகம் அவர்கள் சொன்னதாக உறுதியாக நம்பக் கூடாது என்று நிபந்தனைகள் விதித்தே அனுமதித்தார்கள். அதுவும் ஸனது உள்ள ஹதீஸுக்கு. இதற்கோ ஸனதே இல்லை. மேலும் இது தஸ்பீஹின் சிறப்பு அன்று. ஒருவரின் நுரையீரலில் போய் நிற்கும் தண்ணீர். நற்காரியம் என்றால் அதன் நன்மையைச் சொல்லியே அழைப்போம். நாயகம் அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் வைக்க நமக்கு ஏது அதிகாரம்?

தாளைக் கொடுத்த சகோதரர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பூங்காவிலிருந்து வந்தவர், தம் கைபேசியிலிருந்து அதை யார் யாருக்கெல்லாம் அனுப்பினாரோ அத்தனை பேருக்கும் திருத்தம் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக.

பெரியவர் இப்போது வீட்டில் இருக்கிறார். நாம் பார்க்கப் போனபோது அவருடைய கட்டிலருகே ஒரு லிட்டர் போத்தல் ஒன்று இருந்தது. காலையில் மருமகள் அதை நிரப்பி வைப்பாராம். தேநீருக்கும் கஞ்சிக்கும் ஈடான தண்ணீரை அதிலிருந்தே குறைத்து ஊற்றிவிடுவாராம். மாலையில் மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்கிறார். நாம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்க சொன்னதுக்காகவா குடிச்சேன் ஹஜ்ரத்? அவங்க சொன்னாங்கன்னு நெனச்சுக் குடிச்சேன்" என்றார். நமக்கு மேற்கொண்டு பேச வரவில்லை.

பிறகு அவரே ஒரு மஸ்அலா கேட்டார். ரமளான் வந்தால் நோன்பு வைக்கலாமா என்பது. நம்பிக்கையான, அனுபவமுள்ள வைத்தியர் நோன்பு உங்களுக்குத் தீங்கு செய்யும், இந்நோய் தீரும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை என்று சொன்னால், விட்டுவிட்டு ஒவ்வொரு நோன்புக்கும் ஃபித்யா கொடுக்கலாம். பின்னர் அல்லாஹ் சுகம் தந்தால் என்ன செய்வது என்பதை அப்போது வந்து சொல்கிறோம் என்றோம். ஃபித்யாவின் அளவை அவருடைய மத்ஹபுப்படி எழுதிக் கொடுத்தோம். இம்முறை கிதாபின் பெயரையும் பக்கத்தையும் சேர்த்தே எழுதினோம். தாளை வாங்கிக்கொண்ட மருமகள், மாமாவின் மாத்திரை டப்பாவுக்குள் அதை மடித்து வைத்தார். பெரியவர் போத்தலிலிருந்து கால் டம்ளர் ஊற்றி, பிஸ்மில்லாஹ் சொல்லி, மூன்று மூச்சாக அருந்தினார்.